ஏழாம் நம்பர் தறிக்குப் பின்னால்

பள்ளிபாளையத்தில் எங்கள் பட்டறைக்குள்
யார் பேச்சும் யாருக்கும் கேட்காது.
இருபத்து நாலு தறி.
தண்ணி வேணுமென்றால் கட்டைவிரல்,
நூல் அறுந்தால் ரெண்டு விரல் கத்திரி,
முதலாளி வந்தால் மீசையைத் தடவினால் போதும்.
பாட்டுக்கு மட்டும் சைகை கிடையாது.

அதனால்தான் சாக்பீஸ்.

ஏழாம் நம்பர் தறிக்குப் பின்னால்
சுண்ணாம்பு பெயர்ந்து சிமெண்ட் தெரிகிற இடத்தில்
நாளுக்கொரு பாட்டு எழுதுவேன்.
முதல் வரி மட்டும்.
அதற்குக் கீழே என் அபிப்பிராயம்:

"ரெண்டாஞ் சரணத்துக்கு முந்தி
பாடறவரு மூச்செடுக்கறது கேக்கும்.
அதுக்காகவே கேக்கோணும்."

"எங்க கலியாணத்தன்னிக்கு ரேடியோ செட்டுக்காரர்
இதையே நாலுவாட்டி போட்டாரு.
நாலாவது வாட்டிதான் புடிச்சுது."

"இதுல புல்லாங்குழல்
தப்பான ஊட்டுக்குள்ள பூந்துட்டு
மன்னிச்சுக்கங்னு வெளிய வர்றாப்ல இருக்கும்."

படிப்பது அர்த்தநாரியண்ணன், ராத்திரி சிப்ட்.
காலை எட்டுக்கு அவர் போக நான் வர,
நடுவில் தறி நிற்காது.
நாடாவைப் பார்த்துக்கொண்டே நகர்ந்து நகர்ந்து
இடம் மாறிக்கொள்வோம்.
பேசியதெல்லாம் சுவரில்தான்.
"சோகம் சாஸ்தி. ராத்திரிக்கு ஆகாது" என்று எழுதியிருப்பார்.
"இதெல்லாம் ஒரு பாட்டா மயிலா?" என்றும்
ஒரு நாள், நல்ல பாட்டுக்கு.
அன்றைக்குப் பூராவும் அவரோடு பேசவில்லை;
பேசாததும் அவருக்குத் தெரிந்திருக்காது.

தை நோம்பி கழிந்து கணக்கு முடித்துக்கொண்டு
குமாரபாளையத்தில் சொந்தமாய் நாலு தறி போட்டுவிட்டார்.
அந்த இடத்துக்கு வந்தவன் ஒடிசாப் பையன், திகம்பர்.
தமிழில் அவனுக்குத் தெரிந்தது
நூலு, சோறு, சரிங்க.

எழுதுவதை நான் நிறுத்தவில்லை.
யாருக்கு என்று ரோசனை பண்ணினால் கை நின்றுவிடும்,
அதனால் ரோசனை பண்ணவில்லை.
மாசி போச்சு, பங்குனி போச்சு.

ஒரு நாள் காலையில் என் வரிக்கு அக்கட்டால
வேறு எழுத்து.
ஒவ்வொன்றும் தலைக்கு மேல் குடை பிடித்திருந்தது,
மழைக்குள் வரிசையாய்ப் பள்ளிக்கூடம் போவதுபோல.
பெரிதாய் ரெண்டு வரி,
கீழே பொடியாய் ஒன்று.
பெரிது பாட்டு. பொடி அவன் அபிப்பிராயம்.
அது மட்டும் படிக்கத் தெரியாமலே படிக்க வந்தது.

"நல்லாருக்கு" என்று எழுதினேன்.
பொய். அழித்தேன்.
"புரியல. இன்னொண்ணு எழுது" என்று எழுதினேன்.
அது அவனுக்குப் புரியாது.
ஆனால் இன்னொன்று எழுதினான்.

ஆடியில் ஒரு காற்று.
சிப்ட் மாறுகிற நேரம் பார்த்து
எங்கோ கம்பி அறுந்து கரண்டு போச்சு.
இருபத்து நாலும் ஒன்றாய் நின்றன.
காதுக்குள் மட்டும் இன்னும் சித்தெ ஓடின.
அப்புறம் காவேரிப் பாலத்தில் ரயில் போவது கேட்டது,
யாரோ இருமியது கேட்டது,
பஞ்சு இறங்குவது கேட்கும்போல் இருந்தது.

திகம்பர் சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
இத்தனை நாள் இத்தனை பாட்டு எழுதினவள்,
தொண்டையைச் செருமினேன்.
வரவில்லை. ஒரு வரி வரவில்லை.
அவனும் வாயைத் திறந்து மூடினான்.

அப்புறம் கீழே கிடந்த தார்க்குச்சியை எடுத்து
எண்ணெய் டின்னின் முதுகில் தட்டினான்.
ரெண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, மூணாவது.
மறுபடி ரெண்டு. கொஞ்சம் விட்டு,

கரண்டு வந்துவிட்டது.

மறுநாள் சுவரில்
பாட்டு வரிக்கான இடத்தை வெறுமனே விட்டு
கீழே எழுதினேன்:
"மூணாவது தட்டு பிந்தி வருது.
மாத்தீராத."